நாக்கை விட்டுவிட்டு மணியைத் திருடியவன்

அத்தியாயம் ஐந்து

இன்ஸ்பெக்டர் புரோகோப்பின் தொப்பியில் நேற்றுவரை சக்கரவர்த்தியின் இரட்டைத்தலைக் கழுகு உட்கார்ந்திருந்தது. இன்று காலை யாரோ ஒரு பால்காரன் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டான். பிடுங்கின இடத்தில் இரண்டு ஓட்டை. அக்டோபர் மாதத்துக் காற்று ஒரு ஓட்டையில் புகுந்து அவர் வழுக்கையைத் தடவிவிட்டு மறு ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"ஐயா, இப்ப நாம எந்த நாட்டுப் போலீஸ்?" என்று கேட்டான் கான்ஸ்டபிள் வாவ்ரா.

"நடந்துக்கிட்டே கேளு."

"நடக்குறேன். எந்த நாட்டுல நடக்குறேன்னு தெரிஞ்சா கால் கொஞ்சம் தெம்பா வரும்."

"முந்தாநாள் பிராக்ல குடியரசுன்னு சொல்லிட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு நம்ம கோஸ்டின்ல சொல்லப் போறாங்க. அதுவரைக்கும் நீ யாரோட போலீசும் இல்ல. என்னோட போலீஸ்."

"அப்ப சம்பளம்?"

"வேகமா நட."

வாவ்ரா வேகமாக நடந்தான். ஊரே தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தது. நாலு வருஷ யுத்தம் கழிந்து, ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ராஜ்யம் ஒரே வாரத்தில் பழைய செருப்பு மாதிரி வாய் பிளந்துவிட்டது. தபாலாபீசில் போர்டைக் கழற்றினார்கள். புகையிலைக் கடையில் போர்டைக் கழற்றினார்கள். கழற்ற ஒன்றும் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டை எல்லார் சட்டையிலும் இருந்தது. யுத்தத்தில் சிவப்புத் துணி ஏது? ஊரில் இருந்த சிவப்புப் பாவாடைகள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகக் கத்தரிக்கோலுக்குப் போயிருந்தன.

இவ்வளவு கொண்டாட்டத்துக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் பூட்டின கதவுக்குப் பின்னால் இருந்தான். கோயில் மணியடிக்கும் மெலிச்சார்.

கோஸ்டின் கோயிலில் நாலு மணி இருந்தது. போன வருஷம் பீரங்கி செய்ய வெண்கலம் வேண்டும் என்று பட்டாளம் வந்து மூன்றைக் கோபுரத்திலேயே சம்மட்டியால் உடைத்து எடுத்துப்போனது. நாலாவது, இருநூறு கிலோ எடையுள்ள சின்ன மணி. அதற்கு லுட்மிலா என்று பெயர். பட்டாளத்துக் காகிதத்தில் மூன்று என்று எழுதவைக்க மெலிச்சார் என்ன செய்தான் என்பது அவனுக்கும் ஒரு பன்றித்தொடைக்கும் மட்டுமே தெரியும். லுட்மிலாவை அவனும் ஊர்க் கொல்லனும் பாதிரியார் களஞ்சியத்தில் வைக்கோலுக்கு அடியில் குழிதோண்டி மறைத்தார்கள். கொல்லன் இத்தாலிப் போர்முனையில் செத்துப்போனான். மிச்சம் மெலிச்சார்.

இன்று காலை ஏழு மணிக்கு ஊர்க்காரர்கள் பூமாலையோடு களஞ்சியத்துக்குப் போனார்கள், குடியரசுக்கு மணியடிக்க. வைக்கோலை விலக்கினால் குழி காலி.

"வித்துட்டான்!" என்று முதலில் கத்தியவர் மருந்துக்கடை ஷெபெஸ்டா. நேற்றுமுதல் அவர்தான் ஊர்க் கமிட்டித் தலைவர். "சிகரெட்டுக்கு வித்துட்டான்! பன்னண்டு மணிக்குள்ள மணி வரலைன்னா, இந்தத் துரோகி பொண்டாட்டியோட ஊரை விட்டுப் போகணும்!"

துப்பினவர்கள் துப்பினார்கள். மெலிச்சாரின் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தீயணைப்பு வண்டிக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினது வாவ்ராதான். பூட்டச் சொன்னார்கள், பூட்டினான். ஆனால் கொட்டகை வாசலில் மெலிச்சாரின் மனைவி ஒரு மூட்டையைக் கட்டி மடியில் வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூன்று துண்டு ரொட்டிதான் இறங்கியது.

மணி இப்போது பத்து.

களஞ்சியத்தில் புரோகோப் குழிக்குள் இறங்கி மண்ணை விரலால் அளைந்தார். வாவ்ரா மேலே நின்று வைக்கோலை மென்றான்.

"என்ன தெரியுது?" என்றார் புரோகோப்.

"குழி தெரியுது."

"உள்ள?"

"நீங்க தெரியுறீங்க."

"வெண்கலச் சில்லு ஒண்ணாவது தெரியுதா? பட்டாளம் எடுத்திருந்தா அங்கயே உடைச்சிருக்கும். முழுசாத் தூக்க அவங்களுக்கு என்ன தலையெழுத்து? இதை எடுத்த ஆளுக்கு மணி முழுசா வேணும்." அவர் குழியின் மூலையிலிருந்து கைநீள இரும்பு ஒன்றைத் தூக்கினார். அடியில் குண்டு, மேலே கொக்கி. "இது என்ன?"

வாவ்ராவின் வாயிலிருந்து வைக்கோல் விழுந்தது. "மணியோட நாக்கு!"

"மணியைத் தூக்கிட்டு நாக்கைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"அந்தத் திருடனை நம்ம கமிட்டித் தலைவர்கிட்ட ஒரு தடவை அனுப்பலாம் ஐயா. ஊரு நிம்மதியா இருக்கும்."

"சிரிக்காத. முழு மணி வேணும், ஆனா அது பேச வேணாம். அப்படிப்பட்டவன் யாரு?"

வாவ்ரா யோசித்தான். யோசனை வரவில்லை. பழக்கம் காரணமாக இருநூறு கிலோவை மனசுக்குள் தூக்கிப் பார்த்தான். அந்தக் காலத்தில் செங்கல் சூளையில் வேலை செய்தவன் அவன். எடை என்று சொன்னாலே அவன் இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

"ஐயா, இந்தக் குழியில இருந்து தூக்கணும்னா அஞ்சாறு பேராவது வேணும். பழக்கமில்லாதவங்க தூக்கியிருந்தா மறுநாள் குனிய முடியாது. வலிக்குத் தைலம் தேய்ச்சே ஆகணும்."

புரோகோப் குழியிலிருந்து ஒரே தாவலில் மேலே வந்தார். "வாவ்ரா, உன் தலை யோசிக்கலைன்னாலும் உன் இடுப்பு யோசிக்குதுடா!"

தைலம் என்றால் ஊரில் ஒரே கடை.

ஷெபெஸ்டா கடைக் கண்ணாடி முன்னால் நின்று மத்தியானப் பிரசங்கத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். மார்பில் ஒரு பூசணிக்காய் அளவுக்குச் சிவப்பு வெள்ளைப் பூ.

"முன்னூறு வருஷ அடிமைத்தனம்..." என்று கையைத் தூக்கினவர் கண்ணாடியில் தொப்பி ஓட்டைகளைப் பார்த்துக் கையை இறக்கினார். "என்ன இன்ஸ்பெக்டரே, ஒத்துக்கிட்டானா?"

"இன்னும் இல்ல. சமீபத்துல இடுப்புவலித் தைலம் யாரு வாங்கினா? ஒரே நாள்ல அஞ்சாறு ஆம்பளைங்க?"

"ஆம்பளை எங்கய்யா இருக்கான் ஊர்ல? பாதிப்பேர் போர்முனை. மீதிப்பேர் வேலையே செய்யுறதில்ல, இடுப்பு எப்படி வலிக்கும்?" அவர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "பொம்பளைங்கதான் வாங்கினாங்க. செப்டம்பர்ல ஒரு நாள் ஆறு பேர் வரிசையா வந்தாங்க, நிமிர முடியாம. உருளைக்கிழங்கு தோண்டினோம்னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் தைலம் வாங்கல. தீப்புண் களிம்பு வாங்க ஆரம்பிச்சாங்க. இந்த ஒரு மாசமா ஊர்ப் பொம்பளைங்க பூராவும் களிம்புதான். கையில சின்னச் சின்னதாக் கொப்புளம். அடுப்புல கவனமில்ல, குடியரசு வருதில்லையா, அந்தப் பரவசம்!"

வெளியே வந்ததும் வாவ்ரா புரோகோப்பின் கையைப் பிடித்தான். "ஐயா, தூக்கினதும் பொம்பளைங்க, தீப்புண்ணும் பொம்பளைங்களுக்கு. மணியை உருக்கிட்டாங்க!"

புரோகோப் முகம் சுண்டிப்போனது. "உருக்கியிருந்தா மெலிச்சார் தொலைஞ்சான். மணி இருந்தாத்தான் அவன் விக்கலைன்னு காட்ட முடியும்."

"உருக்கி என்ன செஞ்சிருப்பாங்க?"

"நீ சொல்லு."

"பீரங்கி. எம் பொண்டாட்டி மட்டும் சேர்ந்திருக்கமாட்டா. அவளுக்கு அது தேவையில்ல."

சதுக்கத்தில் கூட்டம் நெரிந்தது. நடுவில் மேடை. மேடைக்குப் பக்கத்தில் நீளமான மேஜை போட்டுப் பெண்கள் வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டித் துண்டு கொடுத்தார்கள், மேலே கறுகறுவென்று பிளம் ஜாம் தடவி. வாவ்ரா தன்னையறியாமல் நாலாவது துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனான்.

புரோகோப் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயா, நாலாவதுதான்."

"மோந்து பாரு. கருகின வாசனை இருக்கா?"

"துளி இல்ல. எங்க அம்மா வெச்ச மாதிரி இருக்கு."

"உங்க அம்மா எதுல வெச்சாங்க?"

"செப்பு அண்டாவுல. எல்லாரும் அதுலதான் வெப்பாங்க. சின்னப் பாத்திரத்துல வெச்சா அடிப்பிடிச்சு..." வாவ்ரா நிறுத்தினான். அவன் தோளில் பழைய வலி ஒன்று விழித்துக்கொண்டது. போன வருஷம் பட்டாளத்துக்காக வீடு வீடாக ஏறி அண்டா பிடுங்கினது யார்? அவன்தான். நாற்பத்திரண்டு செப்பு அண்டா. ஒவ்வொன்றையும் இந்தத் தோள்தான் ரயிலடிக்குச் சுமந்தது. பின்னால் பெண்கள் சாபம் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். "ஐயா! ஊர்ல அண்டாவே இல்ல! போன வருஷம் ஒரு வீட்டுலயும் ஜாம் இல்ல!"

"இந்த வருஷம் ஊருக்கே இருக்கு," என்றார் புரோகோப். அவர் குரல் விசில் மாதிரி ஏறியது. "மணியைத் தலைகீழாக் கவுத்துப் பாருடா வாவ்ரா. என்ன தெரியுது?"

வாவ்ரா மனசுக்குள் கவிழ்த்துப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குக் கால் இரண்டும் தரையில் நிற்கவில்லை. "நாக்கு குறுக்க இருந்தா ஜாம் கிண்டுற துடுப்பு சுத்தாது! அதான் கழட்டிட்டாங்க!"

"கத்தாத."

மேஜைக்குப் பின்னால் நின்ற தையற்காரியிடம் புரோகோப் தொப்பியைத் தொட்டுக் கேட்டார். "அருமையான ஜாம். யாரு வெச்சது?"

"பக்கத்து வீட்டுல குடுத்தாங்க."

பக்கத்து வீட்டுக்காரி எதிர்வீடு என்றாள். எதிர்வீட்டுக்காரி தையற்காரி என்றாள். மூன்று பேரும் சட்டைக் கையை விரல்வரை இழுத்து விட்டிருந்தார்கள். வெயிலோ நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

"இவங்களைக் குறுக்கு விசாரணை பண்ணினா குடியரசே முடிஞ்சிடும்," என்றான் வாவ்ரா. "மணி பதினொண்ணேகால் ஐயா."

புரோகோப் கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே சதுக்கத்தில் இருந்தது. அடுப்புகள் அணைந்துகிடந்தன. ஒரே ஒரு புகைபோக்கி மட்டும் மெல்லியதாக, நிதானமாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. அது வீட்டுப் புகைபோக்கிகூட இல்லை. ஒரு வீட்டின் பின்கட்டில், துணி வெளுக்கும் கொட்டிலின் புகைபோக்கி.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"ஊர்ல துணி வெளுக்குறது?"

"திங்கள்."

"சோப்பு கடைசியா எப்ப வந்துச்சு?"

"சோப்பா? அது எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு." வாவ்ரா அந்தப் புகை வரும் வீட்டைக் கண்ணால் அளந்தான். பச்சை ஜன்னல். மரத்தில் செதுக்கின மருந்துக் குப்பி போர்டு. "ஐயோ... ஐயா. அது..."

"ஆமா," என்றார் புரோகோப். "ஓடு!"

கொட்டில் கதவு விரற்கடை அளவு திறந்தது. இடுக்கில் ஒரு வியர்த்த முகம். ஊர்க் கமிட்டித் தலைவர் ஷெபெஸ்டாவின் மனைவி அந்தோனியா.

"துணி வெளுக்குறோம்."

"சோப்பு இல்லாமயா அம்மா?"

"பழகிட்டோம்."

"என்ன துணி?"

"கொடி. சிவப்பு வெள்ளைக் கொடி."

"அப்ப உங்க கை ஏன் ஊதாவா இருக்கு?" என்றான் வாவ்ரா.

அந்தோனியா தன் கையைப் பார்த்தாள். பிறகு கதவை முழுக்கத் திறந்துவிட்டாள்.

முன்னே செப்பு அண்டா பதித்திருந்த செங்கல் அடுப்பில், அண்டா போன வட்டப் பள்ளத்தில், அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாள் லுட்மிலா, வாய் ஆகாயத்தைப் பார்க்க. உள்ளே விளிம்புக்கு ஒரு சாண் கீழே கறுப்பு ஜாம் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. செத்துப்போன கொல்லனின் மனைவி ஆளுயரத் துடுப்பால் கிளறினாள். இன்னும் நாலு பெண்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். துடுப்பு நிற்கவில்லை.

"எடம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் புரோகோப்.

"எம் புருஷன்தானே குழி வெட்டினாரு," என்றாள் கொல்லன் மனைவி, கிளறிக்கொண்டே. "பட்டாளத்துக்குப் போறப்ப எங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லுவாரு?"

"மெலிச்சார் கொட்டகையில கிடக்கான். தெரியுமா?"

"தெரியும்," என்றாள் அந்தோனியா. "கடைசி அடுப்பு இது. இன்னும் ரெண்டு மணி நேரத்துல இறக்கிருவோம். இறக்கித் துடைச்சு, கோயில் வாசல்ல வெச்சிட்டு வந்திருப்போம்."

"அதுக்குள்ள அவனை ஊரை விட்டுத் துரத்திருவாங்கம்மா!"

"நடுவுல விட்டா அடிப்பிடிச்சிருமே இன்ஸ்பெக்டரே! நேத்து சாயங்காலத்துல இருந்து கை மாத்திக் கை மாத்திக் கிளறுறோம். நூத்தம்பது கிலோ பழம்! நாலு வருஷமா எங்க புள்ளைங்க பீட்ரூட்டைத் தின்னு மூஞ்சி வெளுத்துப்போய்க் கிடக்குது. பழம் மரத்துல பழுத்துக் கொட்டுது. சர்க்கரை இல்லாம கெடாம நிக்கிறது இது ஒண்ணுதான். அண்டாவை எல்லாம் இதோ இந்த ஆளு தூக்கிட்டுப் போயிட்டான்."

எல்லாரும் வாவ்ராவைப் பார்த்தார்கள். வாவ்ரா சுவரைப் பார்த்தான்.

"மணி சும்மாதானே புதைஞ்சு கிடந்துச்சு? ஒரு மனுஷன் ரெண்டு மணி நேரம் கொட்டகையில உக்காந்தா தேய்ஞ்சா போயிருவான்? அவன் பொறுமைசாலி," என்றாள் அந்தோனியா. ஆனால் கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"அவன் பொண்டாட்டி மூட்டை கட்டி வெச்சிருக்கா," என்றான் வாவ்ரா.

துடுப்பு ஒரு சுற்று தயங்கியது. "ஏய், நிறுத்தாத!" என்று நாலு பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். துடுப்பு மறுபடி சுற்றியது.

அந்தோனியா முந்தானை மாதிரி இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனை அவிழ்த்தாள். "நான் வர்றேன். நான் சொல்றேன். ஆனா இப்ப என் முறை. என் இடத்துல கிளற ஆள் வேணும்."

புரோகோப் கோட்டைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்தார். இருபத்தாறு வருஷ சர்வீஸில் கொள்ளைக்காரன் கையிலிருந்து கத்தி வாங்கினவர், கொல்லன் மனைவி கையிலிருந்து துடுப்பை வாங்கினார்.

"அடியைத் தொட்டுக் கிளறுங்க," என்றாள் அவள். "சுவத்தோரம் விட்டுப்போகுது பாருங்க. இதான் நீங்க கேஸ் பிடிக்கிற லட்சணமா?"

"வாவ்ரா, அம்மாவைக் கூட்டிட்டு ஓடு," என்று புரோகோப் முனகினார். ஒரு துளி ஜாம் தெறித்து அவர் முழங்கையில் விழுந்தது. "ஆ!"

"களிம்பு இருக்கு," என்றார்கள் பெண்கள்.

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தபோது மேடையில் ஷெபெஸ்டா கையைத் தூக்கியிருந்தார். "முன்னூறு வருஷ அடிமைத்தனம்! அதன் கடைசி எச்சம் அந்தக் கொட்டகையில் இருக்கிறது! நம் மணியை விற்ற துரோகியை..."

"மெலிச்சார் விக்கல," என்றாள் அந்தோனியா, மேடைப் படியில் ஏறிக்கொண்டே.

"அந்தோனியா, இறங்கு. இது அரசியல்."

"மணி நம்ம வீட்டுல இருக்குதுங்க."

அவள் ஊதாக் கைகளைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

"நான்தான் எடுத்தேன். நாங்க ஆறு பேர் எடுத்தோம். அதுலதான் ஜாம் கிண்டினோம். உங்க கையில இருக்குது பாருங்க."

எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் ரொட்டியைப் பார்த்தார்கள். திருட்டுச் சாட்சியத்தில் முக்கால்வாசியை ஊரே சாப்பிட்டு முடித்திருந்தது. எங்கோ ஒரு கிழவர் மிச்சத் துண்டை அவசரமாக வாயில் திணித்துக்கொண்டார். அதைப் பார்த்து ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், சிரிப்பு சதுக்கம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

ஷெபெஸ்டாவின் மார்பில் இருந்த பூ மட்டும் ஏறி இறங்கியது.

"எடுத்தவங்க ஊரை விட்டுப் போகணும்னு சொன்னீங்களாமே," என்றாள் அந்தோனியா. "மூட்டை கட்டட்டுமா? உங்க சட்டையையும் சேர்த்துக் கட்டவா?"

கொட்டகையைத் திறந்தது வாவ்ரா. மெலிச்சார் தீயணைப்பு வண்டியின் சக்கரத்தில் சாய்ந்திருந்தான். வாவ்ரா சொன்னதை முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"தீயை மெதுவா மூட்டினாங்களா, ஒரேயடியாவா?"

"மெதுவாத்தான்."

"அப்ப விரிசல் விட்டிருக்காது." அவன் எழுந்து வெளியே வந்தான். மனைவியின் மடியிலிருந்த மூட்டையை வாங்கித் தரையில் வைத்து, அதன்மேல் அவளை உட்காரவைத்தான்.

ஷெபெஸ்டா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பின்னால் பாதி ஊர். "மெலிச்சார்... நீங்கதான்... நீங்களே மணியடிச்சு..."

காலையில் துரோகி, மத்தியானம் 'நீங்க'. வாவ்ராவுக்குச் சிரிப்பு வந்தது. மெலிச்சாரின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டான்.

"அடிக்கணும்னா கோபுரத்துல ஏத்தணும்," என்றான் மெலிச்சார். "கப்பியைப் பட்டாளம் கொண்டுபோயிருச்சு. வெறும் உத்தரத்துல கயித்தைப் போட்டு இழுக்கணும். எழுபது அடி."

"இழுப்போம்! எல்லாரும் இழுப்போம்!"

"எல்லாரும் வேணாம். காலையில எம்மேல துப்பினவங்க மட்டும் போதும். முகம் எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. நாப்பத்தோரு பேர். நீங்க முதல் ஆளு."

ஷெபெஸ்டா கோட்டைக் கழற்றினார்.

ஒரு மணி சுமாருக்கு, தலைகீழாகப் பிடித்த கரண்டியிலிருந்து ஜாம் விழவில்லை, பதம் வந்துவிட்டது என்று கொல்லன் மனைவி அறிவித்தாள். பானை, வாளி, பட்டாளத்து இரும்புத் தொப்பி என்று கிடைத்ததிலெல்லாம் ஊரார் வழித்துக்கொண்டு போனார்கள். லுட்மிலாவைக் கைவண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவந்து, குழியில் கிடந்த நாக்கை மறுபடி மாட்டி, கயிற்றில் கட்டினார்கள். முன்னால் ஷெபெஸ்டா, அவருக்குப் பின்னால் பால்காரன், பள்ளிக்கூட வாத்தியார், கசாப்புக்கடைக்காரர். மெலிச்சார் விரல் நீட்டினவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள்.

"ஐயா, நான் துப்பல," என்று வாவ்ரா முணுமுணுத்தான்.

"தெரியும். பூட்டின," என்றார் புரோகோப், முழங்கைக் களிம்பை ஊதிக்கொண்டே. அவர் சொல்லி முடிப்பதற்குள் வாவ்ரா வரிசையின் கடைசியில் போய்க் கயிற்றைப் பிடித்திருந்தான்.

மெலிச்சார் தரையில் மனைவி பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். அந்தோனியா ஒரு ரொட்டித் துண்டைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். தலை நிமிராமல்தான் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டான்.

"இழு!" என்றான் மெலிச்சார், வாய் நிறைய ஜாமோடு.

நாற்பத்திரண்டு முதுகு வளைந்தது. மணி ஒரு முழம் ஏறியது.

"சக்கரவர்த்தியை இறக்குறதுகூட இவ்வளவு கஷ்டமா இல்லையே!" என்று வரிசையின் கடைசியிலிருந்து வாவ்ரா கத்தினான்.

"பேச்சைக் குறை," என்றான் மெலிச்சார். "இழு!"

கோஸ்டினில் குடியரசு மாலை நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போதுதான் பிறந்தது. லுட்மிலாவின் குரல் கொஞ்சம் கட்டியிருந்தாலும் அடுத்த ஊர்வரை கேட்டது. அதை அடித்தது மெலிச்சார். கீழே நாற்பத்திரண்டு பேர் புல்லில் மல்லாந்து கிடந்து, கை தட்டக்கூட வலு இல்லாமல், கேட்டுக்கொண்டிருந்தார்கள்.